நூற்றுக்கு அறுபத்தெட்டு

டாக்கா என்று நான் சொல்வது
ஊரை அல்ல, காசை.
பெட்ராபோல் எல்லையில்
பதினோரு வருஷமாக, தகரக் கூரைக்குக் கீழே
நான் விற்பதும் அதைத்தான்
வாங்குவதும் அதைத்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் அதற்கு டாக்கா என்று பெயர்.
இந்தப் பக்கம், எங்கள் வாயில்,
ரூபாய்க்கும் அதே பெயர்.
நம்பாவிட்டால் நூறு ரூபாய்த் தாளைத் திருப்புங்கள்.
பொடி எழுத்துப் பட்டியலில் இரண்டாவது வரி
வங்காளியில் சொல்கிறது:
நூறு டாக்கா.

காலை ஏழரைக்கு ரௌஷனாரா வந்தாள்.
மழைக்கோட்டுக்குள் கோப்பு,
கோப்புக்குள் எக்ஸ்ரே,
எக்ஸ்ரேக்குள் புருஷனின் சிறுநீரகக் கல்.
"பாக்களவு" என்றாள்.
முகுந்தபூரில் உடைத்துத் தருவார்களாம்.
அவன் பெஞ்சில் விலாவைப் பிடித்துக்கொண்டு
அரிவாள் மாதிரி வளைந்திருந்தான்.

இருபதாயிரம் டாக்கா தந்தாள்.
பதின்மூவாயிரத்து அறுநூறு டாக்கா தந்தேன்.
எண்ணி முடித்துக் கேட்டாள்:
"டாக்காவுக்கு டாக்காதானே?
நடுவில் மிச்சம் எங்கே போச்சு?"

எனக்கு ராத்திரியில் அகராதி புரட்டும் வியாதி உண்டு.
டங்கம்: நாலு மாஷம் வெள்ளி.
முத்திரை விழுந்த காசு.
அதற்கும் முன்னால், கல்தச்சனின் உளி.
ரூப்யம்: உரு விழுந்த வெள்ளி.
அப்படியென்றால் இவள் கொண்டுவந்தது உளி,
நான் கொடுத்தது உளி பட்ட உரு.
இன்றைக்கு உளியின் விலை
நூற்றுக்கு அறுபத்தெட்டு.

இதையா சொல்ல முடியும்?
"ரேட் அப்படி" என்றேன்,
பலகையைக் காட்டி.

அவள் வளையலைக் கழற்றினாள்.
சோப்பு இல்லாமலே கழன்றது, அவ்வளவு மெலிந்த கை.
"வெள்ளிதான். உரசிப் பாருங்க."
"வெள்ளி வாங்குவதில்லை அம்மா" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
மேசை இழுப்பறை முழுக்கக் கட்டுக்கட்டாக
வெள்ளியின் பெயர்கள்.
வெள்ளி மட்டும் இங்கே செல்லாது.

வெளியே பன்காவ் ரயிலுக்கு ஆட்டோக்காரன் கத்தினான்.
ஈர விரலால் பலகையின் எட்டை அழித்து
ஒன்பது என்று எழுதினேன்.
இன்னும் இருநூறு எடுத்து வைத்தேன்.
அவர்கள் போனதும் எட்டாக்கிவிட வேண்டும்,
அடுத்தவன் லாரி டிரைவர், கண் கூர்மை.

நன்றி எதுவும் சொல்லவில்லை அவள்.
எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.
கடைசித் தாளை வெளிச்சத்தில் பிடித்து
என்னிடமே நீட்டினாள்:

"இது கிழிசல்.
வேற டாக்கா குடுங்க."