இரண்டாவது வழி

ஆஸ்மண்ட் ட்ரூஸ்டெல் 1893-இல் வரைந்தபோது
அந்த விடுதிக்கு வாசல் ஒன்றுதான்.
மகள்களைக் கொண்டுவிட வந்த தகப்பன்மார்
செங்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு
எத்தனை வாசல் என்று மட்டும் கேட்டார்கள்.
ஒன்று என்றதும் தொப்பியைக் கழற்றினார்கள்.

மற்றதெல்லாம் தாராளம்.
மினசோட்டாப் பனி வழுக்கி விழ
செங்குத்தாய்க் கற்பலகைக் கூரை,
கூடத்தில் ஓக் மரப்படி, அதன் கைப்பிடியில்
யாரும் சறுக்கிவிடாதிருக்கப் பித்தளைக் குமிழ்கள்,
படி வந்து முடிகிற இடத்துக்கு நேர் எதிரே
கண்காணிப்பாளர் அறை.
கதவில் பாதி கண்ணாடி.

பிறகு எங்கோ ஒரு விடுதி எரிந்தது.
இன்னொரு வழி வேண்டும் என்றது சட்டம்.
தன் வடக்குச் சுவரை விட்டுவிடும்படி
ட்ரூஸ்டெல் எட்டுக் கடிதம் எழுதினார்.
விடவில்லை.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து
இரும்புக் குழாய் ஒன்று சுருண்டு சுருண்டு தரைக்கு வந்தது.
அதன்பின் கல்லூரி எடுத்த படமெல்லாம்
தெற்கிலிருந்து.

மாதத்தின் முதல் வியாழன் தீ ஒத்திகை.
மெழுகுத்தாளில் உட்கார், பாவாடையை இறுக்கு, கையைக் கட்டு.
மற்ற இரவுகளைப் பற்றிப் பதிவேட்டில் ஒன்றுமில்லை.
சமையலறைக் கணக்கில் இருக்கிறது:
1911 குளிர்காலத்தில்
ரொட்டி சுற்றும் மெழுகுத்தாள் மும்மடங்கு.
ரொட்டி அதே அளவு.

இப்போது மார்ச். பாதுகாப்புக் குழு கூடியிருக்கிறது.
மூல வரைபடத்தில் குழாய் இல்லை, அகற்றலாம் என்கிறது ஒரு கட்சி.
நூறு வருஷம் ஒட்டிக்கொண்டிருப்பது பிறகு எதில் சேர்த்தி
என்கிறது இன்னொன்று.
துரு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல
டுவேன் பெட்ராஸ்காவை அனுப்பினார்கள்.
வெல்டர். ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்கால் சரியில்லை.

வெளியே சுரண்டினால் பொரிபொரியாய் உதிர்ந்தது.
மேலே ஏறி உள்ளே டார்ச் அடித்தார்.
இடுப்பு அகலத்துக்கு ஒரு தடம்,
தேய்த்து வைத்த கிண்ணம்போல,
வளைவுகளில் பக்கச்சுவர்மேல் ஏறி
மறுபடி இறங்கிப் போயிற்று.
மெழுகு இன்னும் விரலில் ஒட்டியது.
விளிம்பில் ஊசியால் கீறிய பெயர்: போர்க்ஹில்ட்.
பக்கத்தில் முப்பத்தொரு கோடு.

சாண்ட்விச்சைத் தின்று முடித்தார்.
சுற்றிவந்த தாளைக் கசக்கவில்லை.

கீழே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த மாணவிக்கு
முதலில் நீளமாய் ஒரு முழக்கம் கேட்டது,
பிறகு ஒரு கெட்டவார்த்தை,
பிறகு பனிமேல் பொத்தென்று.

அறிக்கையில் ‘நிலை’ என்ற கட்டத்தில்
வேலை செய்கிறது என்று எழுதினார்.
அடியில், பொடி எழுத்தில்:
கீழ்முனையில் மெத்தை ஒன்று போடவும்.