சனிக்கிழமைத் தராசு

வளமூட்டல் வகுப்புக்கு வந்த சுற்றறிக்கையில்
எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வரி:
ஆசிரியர் கேள்வி கேட்க வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம்.
பதினெட்டு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பின்வரிசையில், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் உயர்ந்து நிற்க உட்கார்ந்தேன்.

சுங்கை லீமாவில்
கடைவரிசை முடிந்து ஆலைப் புகை தொடங்கும் இடம்
எங்கள் பள்ளி.
போத்தலில் கீரை வளர்ப்பதென்று
மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.
விதைகூட வாங்கிவிட்டேன், மூன்று ரிங்கிட் ஐம்பது காசு.
அவர்கள் ஆறு பேரும் எடுத்துக்கொண்டது வேறு:
கேட்டுக்கு முன்னால் செம்பனை லோரி குலுங்கும்போது
எவ்வளவு பழம் கொட்டுகிறது?

"மேடுதான்" என்றான் ஷர்வேந்திரன்,
குழாய் பதித்தவர்கள் அரைகுறையாய் மூடிவிட்டுப் போன மேடு.
"டிரைவர்தான்" என்றாள் ரோஸ்லின் மேரி.
"வளைவும் மேடும் சேர்ந்துலா" என்று லிஷாந்தினி
அதைப் பலகையில் எழுதினாள்,
காரணத்தில் ஒரு காலை விட்டுவிட்டு.
கரணம்.
என் விரல் சிவப்புப் பேனாவைத் தேடியது.
பேனா கைப்பையில். கைப்பை அலுவலகத்தில்.
நானேதான் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு நான்கு சனிக்கிழமைகள்.
கேட்டைத் தாண்டக் கூடாதென்பது
அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.
காவலர் ஹமீட் சாலையில் இறங்கி
வாளியில் பொறுக்கி வந்து கொடுத்தார்.
சிற்றுண்டிச்சாலையில் வெங்காயம் நிறுக்கும் தராசு
ஆரஞ்சு எண்ணெயில் பிசுபிசுத்தது.
மழை பெய்த நாளுக்குத் தனிக் கட்டம்.
சராசரி என்றால் என்னவென்று
சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள்.
நான் நடத்தினால் இரண்டு பாடவேளை.
இவர்களுக்கு ஏழு நிமிடமும் ஓர் அழுகையும்.

ஐந்தாம் வாரம் மாவட்ட மன்றத்துக்குக் கடிதம்:
மேட்டைச் சமமாக்கித் தாருங்கள்.
எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.
நான்கு வாரமும் எடையைப் படித்துச் சொன்ன புவிநேசன்
தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
"இத அனுப்பினா எங்கம்மாவுக்குப் பழம் இருக்காது."

மின்விசிறிச் சத்தம்.
விடிவதற்கு முன்னால் கோணிப்பையோடு
அந்த வளைவில் குனிந்திருக்கும் ஒரு முதுகு.
தினமும் காரில் கடந்திருக்கிறேன்.
முகம் பார்த்ததில்லை.
பைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவன் சொன்னான்.
அதையும் லிஷாந்தினி எழுதிக்கொண்டாள், பழக்கத்தில்.

இந்த இடத்தில் ஆசிரியர் ஏதாவது சொல்ல வேண்டும்.
நல்ல ஆசிரியர் சொல்வார்.
என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்பதை
அந்தச் சுற்றறிக்கை மறைத்துக் கொடுத்தது.

"அப்ப நம்ம கணக்கே தப்பு" என்றான் ஷர்வேந்திரன்.
"ஆண்ட்டி பொறுக்கினத நாம நிறுக்கவே இல்ல."

கடிதத்தை மடித்தார்கள். கிழிக்கவில்லை.
அடுத்த வாரம் ஆறரைக்கு வரலாமா என்று
புவிநேசனைத்தான் கேட்டார்கள், என்னையல்ல.
அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான் அவன்.

ஆறரைக்கு எங்கள் ஊரில் இன்னும் இருட்டு.
அந்த அம்மாள் பெயர் தவமலர்.
ராத்திரி லோரிகளின் உதிரிகளைத் தரையில் கொட்டி
வாளி வாளியாக நிறுத்தார்கள்.
ரோஸ்லின் மேரி இரண்டு முறை கூட்டினாள்.
முப்பத்தொரு கிலோ.

தவமலர் தராசைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.
"இதே பைதான்.
தவுக்கே கடையில இருபத்தஞ்சுக்கு மேல
வந்ததே இல்லையே."

யாரும் பேசவில்லை.
லிஷாந்தினி புதுப் பக்கம் திருப்பினாள்.
வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது,
ஒரு சின்னக் கை டார்ச்லைட்டை என் பக்கம் நீட்டியது.
வாங்கிப் பிடித்தேன்.

"கொஞ்சம் கீழ, டீச்சர்."