பேன் கடிதம்

ஹாமில்டன், பார்ட்டன் தெரு சலவைக்கடை.
ட்ரையருக்கு மேலே யாரோ மாட்டிவிட்டுப் போன
டச்சுப் படம், நீராவியில் ஓரம் சுருண்டு.
இடப்பக்கம் ஜன்னல். மடியில் கவிழ்ந்த பிள்ளை.
தாய் பேன் பார்க்கிறாள்.
முத்துமாலை கிடையாது,
முழங்கை வரை சிவந்த கை.

பள்ளிக்கூடக் கடிதம் என் கோட்டுப் பையில்.
தலையணை உறை, போர்வை, கம்பளித் தொப்பி
எல்லாம் சுழல்கின்றன, எட்டு டாலருக்கு.
இரவு ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு மணி.

ஆரணி அண்ணாந்து பார்த்தாள்:
"அவவுக்கும் கடிதம் வந்ததோ, அம்மா?"

சிரித்துக்கொண்டே ஈர் ஒன்றை
நகத்தில் வைத்து நசுக்கினேன். டிக்.
பாத்திரத்தின் பளபளப்பு, நாயின் தூக்கம்,
கழன்ற செருப்பு, எல்லாம் வரைந்தவன்
இந்தச் சத்தத்தை எங்கே ஒளித்தான்?

தலையை ஆட்டாதை பிள்ளை.
வெளிச்சம் போகமுன்னம்
இன்னும் ஒரு வகிடு.