இரண்டாம் குழு

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில்
ஆளில்லாத மணல்மேட்டில் அடம்பங்கொடி பறித்தேன்.
பூவை விட்டுவிட்டு இலை மட்டும், அரைச் சாக்கு.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"ஆட்டுக்காம்மா?"
எலிக்கு என்றேன்.
அதற்குப் பிறகு அவர் வலையைத்தான் பார்த்தார்.

நிழலில் ஒன்பது நாள். பிறகு மிக்சியில் தூள்.
எரிசாராயம் எழுபது பங்கு, தண்ணீர் முப்பது.
எல்லாம் ஆவியாகிப் போனபின்
குடுவையின் அடியில் கருப்பட்டிப் பாகு போல
ஒரு கரும்பச்சை மிச்சம்.
அத்தனை மேடும் ஒரு தேநீர்க் கரண்டிக்குள்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

எலிகள் முப்பத்தாறு. கூண்டுக்கு ஆறு.
முதல் குழுவுக்கு வெறும் தீனி.
இரண்டாம் குழுவுக்குக் கொழுப்பு மட்டும், கொழுப்பு மட்டுமே.
மூன்று, நான்கு, ஐந்துக்குக் கொழுப்பும் கொடியின் சாறும்
நூறு, இருநூறு, நானூறு என்று.
ஆறாவதற்குக் கொழுப்பும் கடையில் விற்கிற மாத்திரையும்.

தீனியை நான்தான் பிசைந்தேன்:
டால்டா, தேங்காயெண்ணெய், முட்டை மஞ்சள், சீனி.
கீழக்கரைக்காரியின் கை, சொல்லவா வேண்டும்,
பாதிக் கிளறலில் அது தொதலாக மாறப் பார்த்தது.
எலிகள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

வாப்பா ஆறாம் குழு.
சட்டைப் பையில் அதே மாத்திரை.
கல்யாண வீட்டு நெய்ச்சோற்றுக்கு முன்னால் ஒன்று,
தைரியத்துக்குப் பின்னால் இன்னொன்று.
வாலில் மார்க்கர் கோடுதான் போடவில்லை.

தினமும் காலை ஏழரைக்கு
ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்து
நாக்கைத் தாண்டிக் குழாயை இறக்குவேன்.
கட்டைவிரலுக்கு அடியில்
எண்ண முடியாத வேகத்தில் ஒரு நெஞ்சு.
இருபத்தெட்டு நாள்.
பதினேழாம் எண் ஒருமுறை கடித்தது. பதிவேட்டில் எழுதவில்லை.

இருபத்தொன்பதாம் நாளைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.
முதல் குழுவின் ஈரல் சூரைமீன் சதை போல இருந்தது.
இரண்டாம் குழுவினுடையது
பழைய நெய்போல் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.
இல்லை.
இரத்தமும் அதையே சொன்னது:
ஒன்றுமே கொடுக்காத கூண்டில்
இருநூறு கொடுத்த கூண்டின் எண்கள்.

கருவி பழுது என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன்.
பெயர்ச்சீட்டு மாறியதோ என்று தேடினேன்.
சாயங்காலம், கூண்டு கழுவிக்கொண்டே
இன்னாசி சொன்னார்:
"மத்த கூண்டுக்கெல்லாம் ஏதோ ஒரு மருந்து குடுக்குறீங்க.
இதுகளுக்கு மட்டும் ஒண்ணுமில்ல.
கடலுக்கு வராம படுத்துக் கெடக்குறவனுக்கும்
பங்கு உண்டு தாயி எங்க ஊர்ல.
அதான் வர்ற வழியில நாலு கொழுந்து..."

"எத்தனை கிராம்?" என்றேன்.
வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.
அவர் ஈரக் கையை விரித்து
உள்ளங்கையைப் பார்த்தார்,
அளவு அங்கே எழுதியிருப்பது போல.

நெறியாளர் குணவதி மேடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
போன வருடப் பையனின் இரண்டாம் குழு எண்கள் இருக்கின்றன,
அதே தீனி, அதே எடை. எடுத்து வைத்துக்கொள்.
யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

இரவு பஸ்ஸில் ஜன்னல் ஓரம்.
உப்பளத்து விளக்குகள் இரண்டு, பிறகு இருட்டு.
போட்டுவிடலாம் என்றுதான் திருப்புல்லாணி வரை இருந்தேன்.

காலையில் குறிப்பேட்டில் எழுதினேன்:
இரண்டாம் குழு. இலை, பச்சையாக.
அளவு தெரியாது. நாட்கள் தெரியாது.
கொடுத்தவர் ம. இன்னாசி.
அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.
கூலிப் பட்டியல் என்று நினைத்துப் போட்டாரோ என்னவோ.

இப்போது விலங்கு நெறிக் குழுவின் புதுப் படிவம்.
'மீண்டும் முப்பத்தாறு எதற்கு? இரண்டு வரிக்குள்.'
முதல் வரியில், முந்தைய சோதனை செல்லாது என்று எழுதிவிட்டேன்.
இரண்டாவது வரி இன்னும் காலி.

வாப்பா போனில் கேட்கிறார்:
"அந்தக் கொடி வேலை செய்யுதா, இல்லையா?"
தெரியாது வாப்பா என்கிறேன்.
அந்தப் பக்கம் ஏதோ மெல்லும் சத்தம்.
"என்ன சாப்பிடுறீங்க?"
போன் வைக்கப்பட்டுவிட்டது.