பாய்லருக்கு ஆகாத தண்ணீர்

சரக்கு வண்டி எங்கள் ஊரில் நின்றது
ஊருக்காக அல்ல, தண்ணீருக்காக.
தருமபுரி தாண்டி, பாலக்கோட்டுக்கு முன்னால்
ஒரு நடைமேடை, ஒரு கிணறு, ஒரு இரும்புத் தொட்டி,
அப்புறம் நான்: பம்பு கலாசி திம்மராயன்.

எஞ்சின் ஒருதடவை குடிப்பது
பத்து வீட்டுக்கு ஒரு மாதம் வரும்.
குடிக்கும்போது கொஞ்சம் கீழேயும் சிந்தும்.
சிந்துவதைப் பிடிக்கக் குடத்தோடு நிற்பவர்களில்
குள்ளம்மா எப்போதும் முதல் ஆள்.
ஃபயர்மேன் காதர் பாஷா குழாயைச் சீக்கிரம் மூடமாட்டான்.
ரூல் புத்தகத்தில் அதற்கு அபராதம் உண்டு.
அவன் அதை வாசித்ததில்லை,
வாசித்துக்காட்ட எனக்கு நேரம் இருந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெமிஸ்ட் எபனேசர் வருவார்,
மரப்பெட்டி நிறையப் பாட்டில்களுடன்.
கிணற்றில் ஒன்று, தொட்டியில் ஒன்று,
எஞ்சின் வயிற்றிலிருந்து ஆவி பறக்க ஒன்று.
சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் குலுக்குவார்.
நுரை நிற்கிறதா என்று பார்ப்பார்.
நிற்காது.
"கெட்ட தண்ணி, திம்மராயா.
குழாயெல்லாம் சுண்ணாம்பு கட்டிடும்."
ஒருமுறை உள்ளங்கையில் ஒரு சில்லு வைத்துக் காட்டினார்,
முட்டை ஓட்டைவிடத் தடிமன்,
எங்கள் ஊர்ப் பல்லின் நிறம்.

சோடா உப்பு மூட்டை வந்து இறங்கியது.
பத்து நாளைக்கொரு தரம் ஷெட்டில்
பாய்லரைத் திறந்து கழுவினார்கள்,
கம்பி விட்டுச் சுரண்டினார்கள்,
தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.
அதே கிணற்றில்தான் நாங்களும் குடித்தோம்.
எங்களுக்கு ஷெட் இல்லை.

கேட்டேவிட்டேன் ஒருநாள்:
"ஐயா, மனுசங்க குடிச்சா?"
அவர் பாட்டிலை வெயிலுக்கு எதிரே தூக்கி
வெகுநேரம் பார்த்தார்.
"அதைப் பாக்கற மருந்து என் பெட்டியில இல்லையே" என்றார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
டீசல்.

தொப்பூர் ஏற்றத்தில் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க
இன்னொரு எஞ்சின் கேட்ட அதே பாரத்தை
ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டு,
என் பச்சைக்கொடியையும் குள்ளம்மாவின் குடத்தையும் தாண்டி,
தாகம் என்றால் என்னவென்றே தெரியாமல் போனது.
இடது ஜன்னலில் காதர் பாஷா,
இப்போது அசிஸ்டென்ட்டாம்,
சட்டையில் கரி இல்லை.
இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமான்போல.

குள்ளம்மா என்னைத் திட்டினாள்.
டீசலைத் திட்ட அவளுக்கு விலாசம் தெரியாது.

எனக்குத் துக்கம் ஒன்றுமில்லை.
கொடியில் காயும் வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது.
தொட்டியைப் பஞ்சாயத்து கேட்டது, ரயில்வே கொடுத்தது.
நாலு குழாய் வைத்து, நீலப் பெயிண்ட் அடித்து,
மைக் கட்டித் திறந்தார்கள்.
முதல் குடம் குள்ளம்மாவுக்கு.
சிந்தாமல் பிடித்தாள்.
சோடா உப்பு மூட்டை வருவது நின்றது,
கெமிஸ்ட் வருவதும்.

மிச்சமிருந்த ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து,
மெழுகு வைத்து, ஊர்ப்பெயர் எழுதி,
கார்டு கையில் கொடுத்து அனுப்பினேன்.
ஒன்றரை மாதம் கழித்துப் பதில்:
"மேற்படி நிலையத்தில் எந்த எஞ்சினுக்கும்
தண்ணீர் பிடிக்கப்படுவதில்லை.
ஆகவே சோதனை தேவையில்லை."
பாட்டிலும் வந்தது. மெழுகு உடையவில்லை.

என் மகள் நாகவேணிக்குப் பதினொரு வயது.
சரக்கு வண்டி போனால் பெட்டி எண்ணுவாள்,
மேடையின் இந்தக் கோடியிலிருந்து எனக்குக் கேட்கும்படி.
பள்ளிக்கூடத்தில் யார் என்ன சொன்னார்களோ,
இந்த வருசம் விரல் மட்டும் மடங்குகிறது.
முப்பத்தாறா, முப்பத்தேழா என்று கேட்டால்
ஒரு கையால் காட்டுகிறாள்,
மறு கை
வாய்மேல்.