மூன்றாம் நாள் எண்ணெய்

வில்லியனூர் யார்டில் ஆறாவதாக நின்றது.
வெள்ளை. ஏழு சீட். பி.ஒய். நம்பர்.
மீட்டர் எழுபத்தெட்டாயிரம் என்றது,
பிரேக் பெடலின் ரப்பர் அதை நம்பவில்லை.

சொல்தா வீட்டு வண்டி, என்றான் ரெமி.
பிரான்சு பென்ஷன்காரர்,
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் எடுப்பார்,
கிளட்ச்சை அனாவசியமாக மிதித்ததே இல்லை.
கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில்
எதை மிதிப்பார் என்று நான் கேட்கவில்லை.
சீட்டுப் பணம் இடுப்பில் இருக்கும்போது
அதிகம் பேசக் கூடாது.

ஹபீபுல்லா பானெட்டைத் திறந்தார்.
இஞ்சின் ஆயிலைச் சீந்தவே இல்லை.
உள்ளே, கை போகாத சந்தில்
மெல்லிய கம்பி ஒன்றை உருவி
வெள்ளைத் துணியில் துடைத்தார்.
"சிவப்பா இருக்கணும், மாதுளை மாதிரி.
ரோஸ் மில்க் மாதிரி இருந்தா
வெள்ளத்துல நின்ன வண்டி.
திரும்பிப் பாக்காம ஓடிடுங்க."

துணியில் இருந்தது இரண்டும் இல்லை.
வாங்கி முகர்ந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக
மஞ்சக்குப்பத்தில் கல்யாணச் சமையல் எடுக்கிறேன்.
புருஷன் பொய் சொல்லியிருக்கிறார்,
மாப்பிள்ளை வீட்டார் தலை எண்ணிக்கையில் பொய் சொல்லியிருக்கிறார்கள்,
எண்ணெய் சொன்னதில்லை.
வடை போட்டு, மறுநாள் அப்பளம் பொரித்து,
அதற்கும் மறுநாள்
ஊற்ற மனமில்லாமல் வைத்திருக்கும் சட்டி.
"இது மூணாம் நாள் எண்ணெய்" என்றேன்.

ஹபீபுல்லா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
பின்பக்கம் கூட்டிப்போய் பம்பருக்கு அடியில்
விரலை வைத்துக் காட்டினார்:
கொக்கி கழற்றிய நான்கு துளை,
விளிம்பெல்லாம் உப்புத் துரு.
பூசைக்குப் போன வண்டி
கடற்கரை மணலில் படகு இழுத்திருக்கிறது.
ரெமிக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

எண்ணெயை மாற்றிவிட்டால் போச்சு என்றேன்.

"மாத்தினா நின்னுடும்மா.
உள்ள தட்டு தேஞ்சு உதிர்ந்த தூள்
இந்த எண்ணெயிலதான் மிதக்குது.
மிச்சத் தட்டை இப்போ பிடிச்சு வச்சிருக்கறதே
அந்தத் தூள்தான்.
புதுசா ஊத்துங்க, வழுக்கும்."

என் அடுப்படியில் இதைச் சொன்னவனை
கரண்டியோடு வெளியே அனுப்பியிருப்பேன்.

கையேட்டைப் புரட்டினேன்.
கியர்பாக்ஸ் ஆயில்:
வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை.
யார் வாழ்நாள் என்று போடவில்லை.

பிரித்துக் கட்ட ஒன்றரை லட்சம்.
ஒன்றரையைக் குறை என்றேன்.
ரெமி அந்தோணியார் மேல் சத்தியம் செய்து
ஒன்று பத்து குறைத்தான்.
இடுப்பில் இருந்தது கைமாறியது.

முதல் முகூர்த்தம் முடிந்து திரும்புகிறோம்.
பின்னால் கழுவிய அண்டாக்கள், ஆறு பையன்கள்,
எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து.
முள்ளோடை தாண்டி போலீஸ்காரர் நிறுத்தினார்.
பாட்டில் தேடி ஒவ்வொரு மூடியாகத் தூக்கினார்,
மிஞ்சின கேசரியைக் கண்டு ஏமாந்தார்.
"என்னவோ தீயற வாசனை வருதே?"
"வருது சார்" என்றேன்.

இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில்
வண்டி எதையோ நினைத்துக்கொள்கிறது.
இஞ்சின் கூப்பிடுகிறது,
சக்கரத்துக்குக் காது கேட்கவில்லை.
ஹபீபுல்லா சொன்னபடி
காலை லேசாகத் தூக்குகிறேன்.
விரட்டினால் வராது.
ஒரு சின்ன இடி. பிடித்துக்கொள்கிறது.
பையன்களில் ஒருவனும் விழிப்பதில்லை.

பெண்ணையாற்றுப் பாலம் வருகிறது,
ஏற ஆரம்பிக்கும் இடத்தில்
முன்னால் ஒரு கரும்பு டிராக்டர்.
சீட்டு கட்டி முடிய இன்னும் பதினேழு மாதம்.
தூளே,
பிடித்துக்கொள்.