வெடிக் கணக்கு

பருந்து வந்தால் ஒன்று, கூட்டமாக வந்தால் இரண்டு
என்று சொல்லி
இருபத்துநாலு வெடியை எண்ணித் தந்தார்
சூப்பர்வைசர் சாலமோன் துரை.
கூடவே ஊதுபத்திக் கட்டு, தீப்பெட்டி,
சிவப்புக் கொடி, சும்மா சும்மா கத்துகிற வாக்கிடாக்கி.
கயத்தாறுப் பக்கம் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம்.
நேற்றுவரை வெள்ளாடு படுத்த இடம்.
இன்று சுண்ணாம்புக் கோடு போட்டு
எனக்கு ஏழாம் நம்பர்.

“எந்த ஊரு வே?”
“கூந்தன்குளம்.”
சிரித்தார். தெரிந்திருக்கிறது.
தீபாவளிக்கும் ஊசிவெடி வெடிக்காத ஊர்.
முற்றத்து வேம்பில் மஞ்சமூக்கு நாரை அடைகாக்கையில்
கதவைக்கூட மெல்லச் சாத்துவோம்.
நாற்பத்தொரு வயசு வரை
நான் ஒரு திரியைக் கிள்ளியதில்லை.
அறுநூறு ரூபாய் என்றதும் வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கெல்லாம் சனம்.
சங்கரன்கோவில், கோவில்பட்டி பஸ்கள்,
பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
குச்சி ஐஸ், பனங்கிழங்கு, பத்து ரூபாய்க் கூலிங்கிளாஸ்.
ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்
“எழுபத்தெட்டு வயதான டகோட்டா” என்றது,
பென்ஷன் வாங்க வந்தவரைக் கூப்பிடுவதுபோல.

முதலில் சத்தம்தான் வந்தது.
பழைய ரைஸ்மில் சத்தம்.
பிறகு காற்றாலைகளுக்கு மேலே
வயிறு தொங்க, தலை நிமிர்ந்து,
ஒரு அவசரமும் இல்லாமல்…
அட, இது நம்ம கூழைக்கடா.
குஞ்சுக்கு மீன் நிறைத்துக்கொண்டு
விஜயநாராயணம் குளத்திலிருந்து திரும்புகிற தாய்
இப்படித்தான் இறக்கையை அசைக்காமல் வரும்.
கொடியை மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

அடுத்து மூன்று ஹெலிகாப்டர். சேத்தக்காம்.
அது மீன்கொத்தி சோலி:
அந்தரத்தில் நின்று, குனிந்து பார்த்து,
மூக்கைத் தாழ்த்திச் சனத்தைக் கும்பிட்டன.
கும்பிட்ட காற்றில்
முக்கியஸ்தர் பந்தலின் வெல்வெட்டுத் துணி
பிய்த்துக்கொண்டு பனையில் ஏறியது.
ஒரு தாசில்தார் தொப்பியைத் துரத்தினார்.
எல்லார் பல்லிலும் புழுதி.
யாருக்கும் கோபம் வரவில்லை.

மஞ்சள் ஹார்வர்ட் ஓடுதளத்தின் முனையில் நின்று
இருமிக்கொண்டிருந்தது.
அப்போது பார்த்தேன்,
கோட்டுக்கு நடுவே ஒரு கரும்பருந்து
கடலைப் பொட்டலத்தில் எதையோ கொத்தியபடி.
“செவன், செவன், பறவை! வெடி போடு!”
துண்டை வீசினேன். கைதட்டினேன்.
கூட்டை நெருங்கும் காக்கைக்கு ஊரில் நாங்கள் போடும்
அந்த ஊளையைப் போட்டேன்.
அது என்னைத் திரும்பிப் பார்த்தது,
மறுபடி பொட்டலத்தைப் பார்த்தது.
மஞ்சள் விமானம் உருளத் தொடங்கிவிட்டது.
உள்ளே ஒரு ஆள்,
அந்த ஆளைவிட வயதான ஒரு எஞ்சின்.
பத்தி நுனி திரியைத் தேடுகையில் கை ஆடியது.

வெடித்தது.
என் காதுக்குள் ஒரு குளமே எழுந்து பறந்தது.
பருந்தும்.
அது விட்டுப்போன இடத்தில்
ஹார்வர்ட் என் தலைக்கு மேலே
எண்ணெய் மணக்க ஏறிப் போனது.
வயிற்றில் ஒட்டுப்போட்ட தகடும்
வரிசை தவறிய ஒரு ஆணியும் தெரிந்தன.

சாயங்காலம் வெடிக் கணக்கு.
“இருபத்துமூணு மிச்சமா?
ஆறாம் நம்பர்க்காரன் அம்புட்டும் தீர்த்துட்டான்.
நீ சோலியே பாக்கலியே வே.”
நானூறு தந்தார். மிச்ச வெடியை
பிள்ளைகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

கடைசி பஸ் மூலைக்கரைப்பட்டியோடு சரி.
அங்கிருந்து நடை.
வழியில் ஒரு மதகில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் வாய்க்காலில் அமிழ்த்தினேன்.
மருந்து கரைந்தால் மீனுக்கு ஆகுமோ ஆகாதோ,
நாலோடு நிறுத்திவிட்டேன்.

“மணக்கே” என்றாள் தங்கபுஷ்பம் வாசலிலேயே.
பிறகு, “ஏரோப்ளேன் எப்படி?”
“ஒண்ணு, கூழைக்கடா மாதிரி.”
“அதைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனீய?”
மேலே குஞ்சுகள் தூங்காமல் கரகரத்தன.
பத்தொன்பது வெடியுள்ள பையை
எந்த ஆணியில் மாட்டுவதென்று தெரியாமல்
வேம்படியில் நின்றேன்.
தோளில் ஒரு சொட்டு எச்சம் விழுந்தது.